பதினேழாம் கவிகைக்கு இன்னொரு மருத்துவர்

காலை ஆறு மணிக்குப் பதினேழாம் கவிகையின் மக்கள் தண்ணீர் வரிசையில் நின்றபடி, இடது கையைச் சுவரிலிருந்த துளைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். வலது கையில் குடம். அது நிறைவதற்குள் சுவர் ஒரு துளி ரத்தம் எடுத்து, சர்க்கரை, உப்பு, எலும்புத் தேய்மானம், நுரையீரலில் படிந்த செந்தூசி என்று எல்லாவற்றையும் பார்த்துவிடும். குறை எதுவும் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும். இருந்தால் ஒரு டோக்கன் வந்து விழும். செவ்வாய்க் கிரகத்துக்குக் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும், குடத்தை வைத்து இடம்பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் மக்களை விடவில்லை. கையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது என்பதால்தான் நேரில் நின்றார்கள்.

டோக்கன் விழுந்தவர்கள் போய்ப் பார்க்க வேண்டியது மருத்துவர் நப்பின்னையை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பூமிக் கணக்கில் பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே அவள்தான் ஒரே மருத்துவர். அரசாணைப்படி சுகாதார நிலையத்தில் இரண்டு பணியிடங்கள் உண்டு. இரண்டாவது நாற்காலியில் அவள் வந்த நாள் முதல் மருந்தாளுநர் சவரிமுத்துவின் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக் கூரையின் கீழ் காற்றை அடைத்து வாழும் ஊர்களைத்தான் அங்கே கவிகை என்றார்கள். அரசு நடக்கும் தலைக்கவிகையில் மருத்துவர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். வெளிக்கவிகைகளிலோ முந்நூற்றுத் தொண்ணூற்றாறு இடங்கள் காலி. பூமியிலிருந்து வருகிறவர்கள் ஐந்தாண்டு வெளியே வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். மூன்றாம் மாதம் அவர்களுக்குத் தூசி ஒவ்வாமை வந்துவிடும். சான்றிதழ் எழுதித் தருபவர், போன ஆண்டு அதே ஒவ்வாமையால் தலைக்கவிகைக்குப் போனவராக இருப்பார். அரசு பதக்கம் கொடுத்துப் பார்த்தது. தண்டனை கொடுக்கவும் பார்த்தது. தண்டனைக் கோப்பைப் பார்த்த அதிகாரிக்கே கடைசியில் தூசி ஒவ்வாமை வந்தது.

அதன் பிறகுதான் பிரதித் திட்டம் வந்தது. சிறந்த மருத்துவர் ஒருவரை ஏழு நாள் படுக்க வைத்து, அவர் மூளையை அப்படியே பதிவுசெய்து, அந்தப் பதிவை முந்நூற்றுத் தொண்ணூற்றாறு இயந்திர உடல்களில் ஏற்றி, ஊருக்கு ஒன்றாக அனுப்புவது. மூளை கொடுத்தவருக்கு ‘மூல மருத்துவர்’ என்று பட்டம்.

“மூல மருத்துவர்னா எங்க ஊர்ல வேற வைத்தியம் மேடம். மேலிடத்துல யாருமே இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலையா?” என்றான் சவரிமுத்து.

நப்பின்னை சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரக்கு வண்டி வந்து பெட்டியைத் திறக்கும் வரைதான் இருந்தது. உள்ளே நின்றது மரகதவல்லி.

மரகதவல்லியும் அவளும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. இறுதித் தேர்வில் மரகதம் முதலிடம். ஒன்றரை மதிப்பெண் குறைவாக நப்பின்னை இரண்டாமிடம். விடுதி நாடகத்தில் மரகதம் ராணி, இவள் தோழி. ஒரே கப்பலில்தான் செவ்வாய்க்கு வந்தார்கள். மரகதம் வெளிக்கவிகையில் எண்பத்திரண்டு நாள் இருந்தாள். எண்பத்து மூன்றாம் நாள் மாமியாருக்கு முழங்கால் வலி என்று தலைக்கவிகைக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். இன்று அங்கே தலைமை மருத்துவர். ஆண்டுதோறும் விருது. ‘சிறந்த மருத்துவர்’ யார் என்று தேடியவர்கள் விருதுப் பட்டியலைத்தான் புரட்டியிருக்கிறார்கள்.

பெட்டியிலிருந்து இறங்கிய பிரதி, நப்பின்னையைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டியது. குரலில் கபடமே இல்லை.

“நப்பி! என்னடி, நீ இன்னும் இங்கதான் இருக்கியா?”

ஊசியை எங்கே குத்தினால் அதிகம் வலிக்கும் என்று நப்பின்னைக்குத் தொழில்முறையில் தெரியும். இவ்வளவு துல்லியமாக அவளே குத்தியதில்லை.

அடுத்த வாரமே பிரதிக்கு வரிசை நீண்டது. அது சிரித்துப் பேசியது. சோர்வதில்லை. வந்தவரின் பெயரோடு மருமகள் பெயரையும் சேர்த்து விசாரித்தது. நப்பின்னை, மருந்து அலமாரியைப் பார்ப்பதுபோல் அந்த அறை வாசலை ஒரு நாளைக்குப் பத்து முறை கடந்தாள். மாலையில் அது எழுதிய மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிழை தேடினாள். இரண்டு மாதத்தில் ஒரு பிழைகூட அகப்படவில்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது.

ஒரு நாள் சுரங்கத் தொழிலாளி இருளாண்டி அந்த வரிசையில் நின்றான். அவனுக்கு நுரையீரல் சுருங்கிப்போனபோது மூன்று நாள் கூடவே இருந்து பிழைக்க வைத்தவள் நப்பின்னை.

“என்ன இருளாண்டி, வரிசை மாறி நிக்கிறியா?”

“இல்லம்மா.” அவன் டோக்கனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். “சின்ன இருமல்தான். இதுக்குப் போய் உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு…”

“நான் தொந்தரவுன்னு எப்ப சொன்னேன்?”

“சொல்லலம்மா. ஆனா நீங்க பீடி குடிச்சியான்னு கேப்பீங்க. அந்தம்மா கேக்க மாட்டாங்க. அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா திட்ட மாட்டாங்க.”

வரிசை சிரித்தது. நப்பின்னை தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் இரண்டு பேரிடம் சிரித்துப் பேசிப் பார்த்தாள். ஒருவர் பயந்துபோய், “எனக்கு என்னம்மா, ஏதாவது பெரிய வியாதியா?” என்று கேட்டார்.

எண்பத்து மூன்றாம் நாள் காலை, பிரதி இடமாறுதல் விண்ணப்பம் கொடுத்தது. காரணம்: மாமியாருக்கு முழங்கால் வலி.

“உனக்கு ஏது மாமியார்?” என்றாள் நப்பின்னை.

“என்ன நப்பி, அப்படிக் கேட்டுட்ட?” அதன் கண்ணில் உண்மையிலேயே ஈரம் இருந்தது. “அவங்க வலியில துடிக்கிறது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

அதே நாள், அதே மணி, அதே வாசகத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு விண்ணப்பங்கள். அவற்றை நிராகரித்திருக்கலாம். ஆனால் பிரதிகளுக்குத் தனித்தனிப் பணி எண் வழங்க நிதித்துறையின் ஒப்புதல் தாமதமானதால், எல்லாவற்றையும் மரகதவல்லியின் எண்ணிலேயே பதிவு செய்திருந்தார்கள். அந்த எண்ணுக்கு மாமியார் காரணத்துக்காக இடமாறுதல் ஏற்கெனவே வழங்கப்பட்டிருப்பதாகக் கணினி கண்டறிந்து, முன்னுதாரணம் இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் ஒப்புதல் அளித்தது. சரக்கு வண்டிகள் வந்து எல்லா மரகதவல்லிகளையும் ஏற்றிக்கொண்டு போயின. தலைமை மருத்துவமனையில் நிற்க இடமில்லாமல் மாடிப்படிகளில் உட்கார்ந்திருந்தார்களாம்.

மூன்று மாதத்தில் முதல் முறையாக நப்பின்னை இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் சுகாதாரத் துறை இயக்குநர் பெரியநாயகம் நேரில் வந்தார். தூசி படிந்த சட்டையோடு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டாக்டர், பணிப் பதிவேடு முழுக்கப் பார்த்துட்டோம். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட இடமாறுதல் கேட்காத மருத்துவர் இந்தக் கிரகத்துலயே நீங்க ஒருத்தர்தான். இப்படி ஒரு சேவை மனப்பான்மை! உங்களைத்தான் பிரதி எடுக்கணும்னு அமைச்சர் சொல்லிட்டார்.”

நப்பின்னை ஆறிய தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“மரகதத்துக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. கொஞ்சம் முகம் வாடினாப்பல இருந்தது.”

“எவ்வளவு வாடிச்சு?”

பெரியநாயகம் விழித்தார். பிறகு, “நல்லாவே வாடிச்சு டாக்டர்” என்றார்.

அவள் கையெழுத்திட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: பதினேழாம் கவிகைக்கு மட்டும் பிரதி வரக் கூடாது.

இயக்குநர் போன பிறகு சவரிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான். “மேடம், மூளையில இருக்கிறது அத்தனையும் போயிருமா? வைத்தியத்தை மட்டும் வடிகட்டி எடுக்க முடியாதா?”

“அரிசியில கல்லுன்னா பொறுக்கலாம். குழம்புல உப்பை எப்படிப் பொறுக்குவ? திறமையும் குணமும் அப்படித்தான்.”

“அதைத்தான் மேடம் யோசிக்கிறேன்” என்றான் அவன்.

அவளுக்கும் ஒரு கணம் யோசனை வந்தது. இத்தனை ஆண்டுகள் அவள் ஏன் நகரவில்லை என்பது பதிவேட்டில் இல்லை. தலைக்கவிகையில் மரகதம் இருந்தாள். போனால் மறுபடியும் இரண்டாமிடம். இங்கே மருத்துவர் என்றால் நப்பின்னை. நப்பின்னை என்றால் மருத்துவர். முதலிடத்துக்குப் போட்டியே இல்லை. இதை அவள் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏழு நாள் படுத்து, ஒரு இயந்திரத்திடம் சொல்லப்போகிறாள். ஆனால் மரகதத்தின் முகம் நன்றாகவே வாடியது என்ற செய்தி அந்த யோசனையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பழைய உடல்களில் முகத்தை மட்டும் மாற்றி, புதிய பதிவை ஏற்றினார்கள். இம்முறை தனித்தனி எண். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து நப்பின்னைகள் வெளிக்கவிகைகளுக்குப் போனார்கள்.

எண்பத்து மூன்றாம் நாள் வந்தது. துறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. நூறாம் நாளும் வரவில்லை. நாளேடுகள் ‘தியாகத்தின் பிரதிகள்’ என்று எழுதின.

பெரியநாயகம் கெட்டிக்காரர். பிரதிகள் அனுப்பும் கடிதங்களில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. எந்தப் பிரதியும் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. பக்கத்துக் கவிகைக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டன. அவர் வெள்ளிதோறும் தரவரிசைப் பட்டியல் வெளியிடத் தொடங்கினார். அவ்வளவுதான். இருநூற்று மூன்றாம் கவிகையின் பிரதி, ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் இரண்டே நாளில் தடுப்பூசி போட்டது. அதைக் கேட்ட இருநூற்று நான்கின் பிரதி ஒன்றரை நாளில் முடித்தது. அவசரத்தில் சில பெரியவர்களுக்கும் சேர்த்தே போட்டுவிட்டதாகக் கேள்வி. எந்தப் பிரதியும் நோயாளியை அடுத்த கவிகைக்கு அனுப்பவில்லை. அங்கே இருப்பவள் பிழைக்க வைத்துப் பெயர் வாங்கிவிடுவாளே என்று, தெரியாத அறுவைச் சிகிச்சையையும் கற்றுக்கொண்டு ஒவ்வொன்றும் தானே செய்தது. இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்தது. செவ்வாயின் சுகாதாரத் துறை அப்படியொரு காலத்தைக் கண்டதில்லை.

பட்டியலில் நப்பின்னையின் பெயரும் இருந்தது. கடைசியில்.

“இருநூற்று மூணுக்கு அப்படி என்ன தெரியும்?” என்று வெள்ளிக்கிழமைகளில் அவள் பொரிந்தாள். “எனக்குத் தெரிஞ்சதுதானே அவளுக்கும் தெரியும்?”

“அதான் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க தூங்காம செய்றாங்க.”

“நீ யார் பக்கம் சவரி?”

“ரெண்டு பக்கமும் நீங்களாத்தானே இருக்கீங்க மேடம்?”

ஓராண்டு கழிந்ததும் அமைச்சர் சட்டமன்றத்தில், காலியிடமே இல்லாத துறை என்று அறிவிக்க விரும்பினார். கணக்குப் பார்த்ததில் ஓரிடம் காலி. நிபந்தனையை எழுதிவைத்த காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை பதினேழாம் கவிகையில் பெட்டி வந்து இறங்கியது.

அதிலிருந்து வெளிவந்த நப்பின்னை, இருந்த நப்பின்னையைப் பார்த்து வணங்கியது. “உங்க பக்கத்துல இருந்து வேலை கத்துக்கறது என் பாக்கியம்” என்றது. அதன் கண் அவள் தோளைத் தாண்டி, வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை அவள் அறிவாள். அது அவளுடையது.

பத்தாம் நாளே மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். “நம்ம பழைய டாக்டரம்மாவேதான். ஆனா எப்ப போனாலும் இருக்காங்க” என்றான் இருளாண்டி. ‘பழைய’ என்ற சொல்லை நப்பின்னை மூன்று நாள் மென்றாள். மருந்து அலமாரியைப் பார்ப்பதுபோல் இப்போது இரண்டு பேர் மாறி மாறி அடுத்தவர் அறையைக் கடந்தார்கள். எதிரெதிரே வந்துவிட்டால் இருவருமே தலைவலி மாத்திரை தேடுவதாகச் சொன்னார்கள். இயந்திரத்துக்குத் தலையே வலிக்காது.

அப்போதுதான் பெரியநாயகத்தின் அழைப்பு வந்தது. திரையில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“டாக்டர், மரகதவல்லி அம்மா விருப்ப ஓய்வு வாங்கிட்டு பூமிக்கே போறாங்க. தலைமை மருத்துவர் நாற்காலி காலியாகுது. உங்களுக்குத்தான்னு முடிவாகியிருக்கு. ஒரே ஒரு வேண்டுகோள். வந்து சேர்ற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா அவங்களுக்கு.”

“எவங்களுக்கு?”

“உங்களுக்குத்தான். அதாவது, மத்த உங்களுக்கு.”

விடுவிப்பு ஆணையைத் தயாரிக்க வேண்டியது பிரதி. காரணமே கேட்காமல் நான்கு நிமிடத்தில் எழுதி முடித்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. “போயிட்டு வாங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க. இங்க எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்.” வயதாகி ஒதுங்கப் போகிறாள் என்று அது நினைத்துக்கொண்டது அப்பட்டமாகத் தெரிந்தது.

நப்பின்னை வாசல் வரை போனாள். அப்படியே போயிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பை முதுகில் சுமந்துகொண்டு அவளால் வண்டி ஏற முடியவில்லை.

“ஓய்வு இல்ல” என்றாள் திரும்பி, புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி. “தலைக்கவிகைக்குத்தான் போறேன். மரகதத்தோட நாற்காலிக்கு.”

பிரதியின் கை அந்தரத்தில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது; எடுத்து வைக்க மறந்த பாத்திரம்போல.

அந்த முகத்தை நினைத்து நினைத்து நப்பின்னை நூறு கிலோமீட்டர் வரை புன்னகைத்துக்கொண்டே போனாள். வெளியே செந்நிறப் பாலைவெளி. உள்ளே அவளும் ஓட்டுநர் ரஹ்மத்துல்லாவும் மட்டும். பாதி வழியில் வண்டியின் திரை விழித்தது. பெரியநாயகத்தின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“யார்கிட்ட சொன்னீங்க டாக்டர்?”

“ஏன், என்ன ஆச்சு?”

“முந்நூற்றுத் தொண்ணூற்றாறு இடமாறுதல் மனு. எல்லாத்துலயும் ஒரே வரி. ‘அவளுக்கு மட்டும் எப்படி?’ டோக்கன் ஜன்னலை எல்லாம் சாத்திட்டாங்க. ஒரு கவிகையிலயும் வைத்தியம் இல்லை. நூத்தி எட்டுல ஒரு பிரசவம் நடந்துட்டிருக்கு. பதினேழுல உங்க இருளாண்டிக்கு மறுபடி மூச்சுத் திணறலாம். மருந்தாளுநர் தனியா போராடிட்டிருக்கார்.”

நப்பின்னையின் புன்னகை போன இடம் தெரியவில்லை. “பேசிப் பார்த்தீங்களா?”

“பேசினேன். நாற்காலி வேணும்னு யாரும் கேட்கலை. உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுங்கிறாங்க. நீங்க திரும்பிப் பதினேழுக்கே போயிட்டா, அந்த நிமிஷமே ஜன்னலைத் திறந்துடுவாங்களாம். எழுதியே கொடுத்துட்டாங்க.” அவர் கைகூப்பினார். “உங்களால மட்டும்தான் முடியும் டாக்டர். இருபது வருஷம் தியாகம் பண்ணினவங்க. இன்னும் ஒரே ஒரு தடவை.”

அவள் கண்ணை மூடினாள். சுருங்கிய நுரையீரலோடு கிடக்கும் இருளாண்டி தெரிந்தான். மூச்சுக்குழாயில் குழலை எந்தக் கோணத்தில் செருக வேண்டும் என்பது விரல்களுக்கே தெரியும். அவை மடியில் தாமாக வளைந்தன. அவள் நல்ல மருத்துவர். அதில் யாருக்கும் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

“ரஹ்மத் பாய், வண்டியைத் திருப்புங்க” என்றாள்.

வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு அரைவட்டம் போட்டது. திரையில் பெரியநாயகத்தின் கண் கலங்கிவிட்டது.

“இந்த உதவியை மறக்க மாட்டேன் டாக்டர்.”

“அது இருக்கட்டும்.” அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். “நான் வரலைன்னா, அந்த நாற்காலிக்கு யாரு?”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம் டாக்டர்.”

“இல்ல, சும்மாதான் கேக்கறேன்.”

“காலியிடம் இருக்கக் கூடாதுன்னு அமைச்சர் உத்தரவு இருக்கே… பட்டியல்ல முதல்ல இருக்கிறதைப் போட வேண்டியதுதான். இருநூற்று மூணு. மத்ததுங்க ஒண்ணும் சொல்லாது டாக்டர். இயந்திரம்தானே, அதுங்களுக்குள்ள என்ன பொறாமை வந்துடப்போகுது?”

அவள் திரையை அணைத்தாள். சக்கரங்கள் செம்மண்ணை அரைத்துக்கொண்டிருந்தன.

“ரஹ்மத் பாய்” என்றாள் நப்பின்னை. “தலைக்கவிகைக்கே விடுங்க. கொஞ்சம் வேகமா.”